கம்பும் கராத்தேயும் பழக்குமுன்: சட்டம் கேட்கும் கேள்விகள்



ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரட்டுக் களத்துப் பக்கமோ, சமூக மண்டபத்துப் பக்கமோ போனால் பல தோட்டங்களில் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். ஒரு இடத்தில் கராத்தே, இன்னொரு இடத்தில் சிலம்பம். சில இடங்களில் யோகாசனம், சில இடங்களில் கரணம் அடிக்கிற ஜிம்னாஸ்டிக். பழக்கிக் கொடுப்பவர் அநேகமாக நம்ம லயத்துப் பையன்தான். கொழும்பில் கடையில் வேலை செய்தபோது பழகியிருப்பார், அல்லது தாத்தாவிடம் கம்பு சுத்தப் படித்திருப்பார். லீவு நாளில் பிள்ளைகள் சும்மா திரியாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வகுப்பைத் தொடங்கியிருப்பார்.

இது பாராட்டவேண்டிய காரியம். இந்த வகுப்புகளை நிறுத்தச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. ஆனால் ஒரு கேள்வியை எல்லாரும் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறோம். "பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" அந்தக் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் என்ன பதில் சொல்கிறது என்பதே இந்த மாதப் பாடம். பழக்கிக் கொடுக்கும் இளைஞர்களும், பிள்ளைகளை அனுப்பும் தாய் தகப்பன்மாரும், மண்டபத்தைத் திறந்துவிடும் தலைவர்மாரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம் இது.

பழகியவர் வேறு, பழக்குபவர் வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு வேலையைத் தான் செய்யத் தெரிவது ஒன்று. அதை மற்றவருக்கு ஆபத்தில்லாமல் சொல்லிக் கொடுக்கத் தெரிவது இன்னொன்று. நல்லாக் கொழுந்து பறிக்கிற எல்லாரும் புதுசாக வந்த பிள்ளைக்குப் பொறுமையாகக் கைப்பழக்கம் சொல்லிக் கொடுப்பதில்லையே! அதே போலத்தான் இதுவும்.

கராத்தேயில் இடுப்பில் கட்டும் பட்டி, அவர் எவ்வளவு பழகியிருக்கிறார் என்பதைக் காட்டும். எட்டு வயதுப் பிள்ளையின் மூட்டு எவ்வளவு தாங்கும், விழுவதற்குப் பழக்காமல் தூக்கிப் போடலாமா, தலையில் அடிபட்டால் அடுத்து என்ன செய்வது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று அந்தப் பட்டி சொல்வதில்லை. அதற்குப் பயிற்றுநர் பயிற்சி என்று தனியாக ஒன்று வேண்டும்.

நம் சட்டத்தின் வேர்

இலங்கையில் ஒருவரின் தவறால் இன்னொருவருக்குக் காயமோ நட்டமோ ஏற்பட்டால், நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். இந்தச் சட்டத்தின் வேர் உரோம ஒல்லாந்துச் சட்டம். ஒல்லாந்தர் 1796 வரை இந்நாட்டின் கரையோரங்களை ஆண்டபோது கொண்டுவந்தது. பின்னால் வந்த ஆங்கிலேயரும் அதை நீக்காமல் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் நட்டஈட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் அதன்படியே நடக்கின்றன.

அதன் மூலம் இன்னும் பழையது. 533ஆம் ஆண்டில் யஸ்டீனியன் என்ற உரோமப் பேரரசர் ஒரு சட்டநூலை வெளியிட்டார். அதில் இரண்டு உதாரணங்கள் நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகின்றன.

ஒன்று, கோவேறு கழுதை ஓட்டுகிறவன். கழுதைகளை அடக்கத் தெரியாமல் ஒரு ஆளின்மேல் ஏற விட்டுவிட்டால் அவன்தான் பொறுப்பு. "எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று அவன் தப்பிக்க முடியாது. தெரியாத வேலையைத் தெரிந்தவன் போல ஏற்றுக்கொண்டதே தவறு. திறமையில்லாமையையும் கவனயீனத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கொள்கை.

இரண்டு, ஈட்டி எறிந்து பழகுகிறவன். படைவீரன் ஒருவன் அதற்கென்று ஒதுக்கிய மைதானத்தில் பழகும்போது, வழியே போன ஒருவர்மேல் ஈட்டி பட்டால் அவன்மேல் தவறில்லை. அந்த வேலைக்கு உரியவன் அல்லாத ஒருவன் எறிந்து காயப்படுத்தினால் அவன்மேல் தவறு உண்டு. படைவீரனே ஆனாலும், அதற்கென்று ஒதுக்காத இடத்தில் எறிந்தால் அவனும் பொறுப்பாளிதான். பழக்குகிறவர் யார், இடம் எது என்ற இரண்டு கேள்விகளும் அன்றைக்கே வந்துவிட்டன.

அதே உரோமச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. வெளிப்படையாக நடக்கும் மல்யுத்தப் போட்டியில் ஒருவருக்கொருவர் ஏற்படுத்தும் காயத்துக்கு வழக்கில்லை, ஏனென்றால் அவர்கள் வீரத்துக்காக ஒத்துக்கொண்டு மோதுகிறார்கள். ஆகவே சட்டம் விளையாட்டுக்கு விரோதி அல்ல. விளையாட்டில் இயல்பாக வரும் சிராய்ப்பையும் வீக்கத்தையும் அது பெரிதுபடுத்துவதில்லை. தெரியாத்தனத்தாலும் அசட்டையாலும் வரும் காயத்தைத்தான் கேள்வி கேட்கிறது.

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம்

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் கராத்தே வகுப்பு நடத்துகிறார். இரண்டு வருசம் பழகியவர். பயிற்றுநர் சான்றிதழ் இல்லை. 30 பிள்ளைகள், மாசம் ஆளுக்கு 200 ரூபா. சமூக மண்டபத்தின் சீமெந்துத் தரையில் பிள்ளைகளைத் தூக்கிப் போடும் முறையைப் பழக்குகிறார். பத்து வயதுப் பிள்ளை ஒன்று கையை ஊன்றி விழுந்து முழங்கை முறிந்துவிடுகிறது. "உளுக்குத்தான், ஒண்ணுமில்ல" என்று எண்ணெய் தடவி இழுத்துவிட்டு, ராத்திரி பிள்ளை அழுத பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். கை பழையபடி நீட்ட வரவில்லை.

தகப்பன் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் என்ன நடக்கும்? சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இளைஞர் தோற்றுவிடுவதில்லை. மூன்று விஷயங்கள் நிரூபிக்கப்பட வேண்டும். அவர் தவறு செய்தார், பிள்ளைக்குக் காயமும் செலவும் ஏற்பட்டன, அந்தத் தவறால்தான் அவை ஏற்பட்டன என்பவையே அந்த மூன்று.

தவறா இல்லையா என்று பார்க்க நீதிமன்றத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு. கவனமும் பொறுப்பும் உள்ள ஒரு குடும்பத் தகப்பன் அந்த இடத்தில் இருந்தால் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டிருப்பானா, கண்டிருந்தால் தடுக்க ஏதாவது செய்திருப்பானா என்பதுதான் அது. தனித் திறமை தேவைப்படும் வேலை என்றால், அந்தத் திறமை உள்ளவர்கள் சாதாரணமாக எப்படி நடந்துகொள்வார்கள் என்றும் பார்ப்பார்கள். அப்போது வரும் கேள்விகள் இப்படி இருக்கும்:

1. இதைச் சொல்லிக் கொடுக்க உங்களுக்கு யார் பழக்கினார்கள்? எத்தனை காலம்?
2. தூக்கிப் போடுவதற்கு முன் விழுவதற்குப் பழக்கினீர்களா?
3. சீமெந்துத் தரையில் மெத்தை ஏன் விரிக்கவில்லை?
4. 30 பிள்ளைகளை ஒரு ஆள் எப்படிப் பார்த்துக்கொண்டார்?
5. அடிபட்டவுடன் என்ன செய்தீர்கள்? ஏன் இழுத்துவிட்டீர்கள்? ஏன் தாமதித்தீர்கள்?

பயிற்சி பெற்றவரிடம் இந்த ஐந்துக்கும் பதில் இருக்கும். பயிற்சி இல்லாதவரின் பலவீனம் இங்கேதான் வெளிப்படும். சான்றிதழ் என்பது நீதிமன்றத்தில் காட்டுகிற தாள் மட்டுமில்லை. இந்தக் கேள்விகளை விபத்து நடக்கும் முன்பே தனக்குத்தானே கேட்கப் பழகியதன் அடையாளம் அது.

நட்டஈடு மட்டும்தானா?

இல்லை. பொலிஸ் வழக்கும் வரலாம். 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையில் இதற்குப் பல பிரிவுகள் உண்டு.

முன்யோசனையில்லாத அல்லது கவனயீனமான செயலால் ஒருவருக்கு உயிர் போனால் அது 298ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஐந்து வருசம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். குளத்திலோ ஆற்றிலோ நீச்சல் பழக்குகிறவர்கள் இதை முக்கியமாக மனதில் வைக்க வேண்டும். உயிர் போகாமல் காயம் மட்டும் ஏற்பட்டாலும் அதற்கும் பிரிவுகள் உண்டு. எலும்பு முறிந்தால் அது சட்டத்தின் கண்ணில் சாதாரண காயம் அல்ல, பாரதூரமான காயம்.

"ஒழுங்குக்காக ரெண்டு அடி போட்டேன்" என்பதும் ஆபத்தான பேச்சு. 1995ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே அடித்தோ, கொடுமைப்படுத்தியோ, கவனிக்காமல் விட்டோ துன்பம் ஏற்படுத்தினால் இரண்டு வருசம் முதல் பத்து வருசம் வரை சிறைத்தண்டனை உண்டு. நட்டஈடும் கட்டச் சொல்லலாம். வகுப்பு நடக்கும் நேரத்தில் பிள்ளைகள் யாருடைய பொறுப்பில்? மாஸ்டரின் பொறுப்பில்தான்.

2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒரு அரசாங்கப் பாடசாலை மாணவரை ஆசிரியர் அறைந்ததில் காது பாதிக்கப்பட்டது. ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் 150,000 ரூபாவும், அரசு 500,000 ரூபாவும் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது அரசாங்கப் பாடசாலைக்கு எதிரான அடிப்படை உரிமை வழக்கு. நம்ம மண்டபத்து வகுப்பு வேறு வகைதான். ஆனாலும், பிள்ளையின் உடம்பை நீதிமன்றம் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பது இதில் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. இல்லாத சான்றிதழை இருப்பதாகச் சொல்லி, அல்லது பொய்ச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவைத்துக் காசு வாங்கினால், பிள்ளைக்கு ஒரு கீறலும் விழாவிட்டாலும் அது ஏமாற்றுதல் என்ற குற்றமாகலாம். "நான் இவ்வளவுதான் பழகியிருக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்வது வெட்கம் இல்லை, பாதுகாப்பு.

நம்மிடையே உள்ள தப்பான எண்ணங்கள்

"நான் காசு வாங்கறதில்ல, அதனால பொறுப்பு இல்ல."
தவறு. பிள்ளையின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டதால் பொறுப்பு வருகிறது. காசு வாங்கினாரா இல்லையா என்பது இரண்டாவது கேள்விதான்.

"தாய் தகப்பன்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு."
அந்தக் கையெழுத்து, பிள்ளை வகுப்புக்கு வர அனுமதி தருகிறது. கவனயீனத்துக்கு அனுமதி தருவதில்லை. காசு வாங்கித் தொழிலாக நடத்துகிறவர் "காயத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று எழுதி ஒட்டினாலும், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் அப்படிப்பட்ட வாசகங்களுக்கு எதிராகவே நிற்கிறது.

"பிள்ளையே ஆசைப்பட்டுத்தானே வந்துச்சு."
ஒத்துக்கொண்டு விளையாடும் விளையாட்டில் வரும் காயத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவை விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் சம்மதம் கொடுப்பவர் 18 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் ஆசை சம்மதம் ஆகாது.

"தோட்டத்துக்குள்ள நடந்தது, தோட்டம் நட்டஈடு கொடுக்கும்."
1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக ஏற்படும் விபத்துக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமை கராத்தே வகுப்பு அதில் அடங்காது. ஆனால் மண்டபத்தைத் தந்தவர்களும், மாஸ்டரை நியமித்த சங்கமும், கோயில் கமிட்டியும் விசாரிக்காமல் ஆளைப் பிடித்து வைத்திருந்தால், அவர்களும் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

"நடந்து ரொம்ப நாளாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது."
காயத்துக்கு நட்டஈடு கேட்கும் வழக்கை இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும் என்பது பொதுவான சட்டம். காயப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், பிள்ளையாக இருக்கும் காலத்துக்குச் சட்டம் சலுகை தருகிறது. ஆகவே பழைய விஷயம் என்று மாஸ்டரும் நினைக்க வேண்டாம், பெற்றோரும் கைவிட வேண்டாம்.

சிலம்ப ஆசான்களுக்கு ஒரு வார்த்தை

"நம்ம தாத்தா எந்தச் சான்றிதழோட கம்பு சுத்தினாரு?" என்று கேட்பது நியாயம்தான். பரம்பரையாக வந்த கலைக்கு அலுவலக முத்திரை இல்லை என்பதால் அது மட்டமாகிவிடாது. ஆனால் அந்தத் தாத்தா எப்படிப் பழக்கினார் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் கால் வரிசை. பிறகு வெறுங்கை. பிறகு கம்பைத் தனியாகச் சுத்துவது. கடைசியில்தான் ஆளோடு ஆள் நிற்பது. அந்த வரிசைதான் அவருடைய தகுதி. அதைக் குறுக்கி, திருவிழாவுக்கு ஒரு மாசத்துக்கு முன் பிள்ளைகளை நேராக ஜோடி போட்டு நிறுத்துகிறபோதுதான் கண்ணிலும் நெற்றியிலும் அடி விழுகிறது. யாரிடம் பழகினீர்கள், எத்தனை வருசம், எந்த வரிசையில் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கேள்வி வந்தால் அதுவே உங்கள் சாட்சி.

பழக்கும் இளைஞர்கள் செய்ய வேண்டியவை

1. உங்கள் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரைப் போய்ப் பாருங்கள். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற சங்கம் உங்கள் விளையாட்டுக்கு எது, அதன் பயிற்றுநர் வகுப்பு எப்போது என்று கேளுங்கள்.

2. அந்தச் சான்றிதழ் கிடைக்கும்வரை, சான்றிதழ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் உதவியாளராகப் பழக்குங்கள். தனியே நடத்த வேண்டி வந்தால் ஓட்டம், உடற்பயிற்சி, அடிப்படை அசைவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூக்கிப் போடுதல், கழுத்துப் பிடி, தலைக்கு அடி, தலைகீழாக நிற்றல் ஆகியவை வேண்டாம்.

3. முதலுதவி வகுப்பை முடியுங்கள். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென். ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் நடத்துகின்றன.

4. பெயர், வயது, பெற்றோரின் தொலைபேசி இலக்கம், பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, இருதய நோய் போன்றவை உண்டா என்பதை எழுதி வையுங்கள். இது பொறுப்பைத் தட்டிக்கழிக்க அல்ல, பிள்ளையை அறிந்துகொள்ள.

5. வயதுக்கும் நிறைக்கும் ஏற்றபடி ஜோடி சேருங்கள். கல்லும் கண்ணாடியும் பொறுக்கிய புல்தரை, ஈரச் சீமெந்துத் தரையைவிட நல்லது.

6. பெண் பிள்ளைகள் வரும் வகுப்பில் பெரிய பெண் ஒருவர் எப்போதும் இருக்கட்டும். கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பு வேண்டாம்.

7. மண்டபத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சங்கமாக நடத்தினால் பொறுப்புக் காப்புறுதி பற்றியும் விசாரியுங்கள்.

தாய் தகப்பன்மார் கேட்க வேண்டியவை

மாஸ்டர் நம்ம சொந்தக்காரப் பையன்தானே, எப்படிக் கேட்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். "தம்பி, நீங்க யாருகிட்ட பழகினீங்க? சொல்லிக் கொடுக்கிறதுக்குப் பாஸ் பண்ணியிருக்கீங்களா? முதலுதவி தெரியுமா? அடிபட்டா எங்களுக்கு எப்படிச் சொல்வீங்க? நாங்க வந்து உட்கார்ந்து பார்க்கலாமா?" இந்த ஐந்து கேள்வியும் போதும். நல்ல மாஸ்டர் சந்தோசமாகப் பதில் சொல்வார். "வந்து பார்க்கக் கூடாது" என்று சொல்லும் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல், தகாத தொடுகை என்று சந்தேகம் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

விபத்து நடந்துவிட்டால்

தலையில் அடிபட்ட பிள்ளையை, எழும்பி நின்று சிரித்தாலும், அன்றைக்கு மறுபடி விளையாட விடக்கூடாது. வாந்தி, அசதித் தூக்கம், மயக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் தூக்கி நிறுத்தாதீர்கள், அசையாமல் வைத்திருங்கள். கை கால் வீங்கிக் கோணியிருந்தால் இழுக்காதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள். இருந்த நிலையிலேயே தடி வைத்துக் கட்டுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்துப் பாதைக்கு அம்புலன்ஸ் ஏற முடியாவிட்டால், எந்தச் சந்தியில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். தோட்ட டிஸ்பென்சரிக்கும் வீட்டுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். நடந்ததை அன்றைக்கே திகதி, நேரத்தோடு உள்ளபடி எழுதி வையுங்கள்.

மறைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. "வீட்டுல சொல்லாதே" என்று பிள்ளையிடம் சொன்ன மாஸ்டரை நீதிமன்றமும் நம்பாது, ஊரும் நம்பாது.

வக்கீலுக்குச் செலவழிக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. காயப்பட்ட பிள்ளையின் பெற்றோரும் போகலாம், வழக்கில் மாட்டிய இளைஞரும் போகலாம்.

நம் பிள்ளைகளுக்குத் தைரியமும் உடல் பலமும் தேவை. அதைக் கொடுக்க முன்வரும் இளைஞர்களும் தேவை. அந்த இளைஞர் ஒரு நாள் கூண்டில் நிற்கக் கூடாது, அந்தப் பிள்ளையின் கை ஆயுளுக்கும் கோணிப்போகக் கூடாது. இரண்டையும் தடுப்பது ஒரே காரியம்தான்: சொல்லிக் கொடுக்கும் முன் சொல்லிக் கொடுக்கப் பழகுவது.

கூடிப் பேசுவதற்கு

1. நம் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வகுப்புகள் நடத்துகிறவர்கள் யார் யார்? அவர்கள் எங்கே பழகினார்கள்?
2. பயிற்றுநர் வகுப்புக்குப் போக ஒரு இளைஞருக்குப் பஸ் காசும் கட்டணமும் தேவைப்பட்டால், நம் சங்கம் அதில் எவ்வளவு ஏற்கலாம்?
3. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால், நம் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? வாகனம் யாரிடம் இருக்கிறது?
4. மேலே சொன்ன உதாரணத்தில் அந்த இளைஞர் எந்தெந்த இடத்தில் வேறுவிதமாக நடந்திருக்கலாம்?